மிதவையுயிர்கள்: குமரிக் கடலைப் பற்றிக் கேளுங்க

மணக்குடிக் காயலில் எந்த விலங்கு மிதவையுயிர்கள் (தண்ணீரின் போக்கில் மிதக்கும் பொடி விலங்குகள்) இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது வெப்பமா, உப்பா? (எம்.எஸ்சி. மாணவி, நாகர்கோவில்)

உப்புதான், மக்களே. நம்ம தண்ணியில் வெப்பம் வருசம் முழுக்க சில டிகிரிதான் ஏறி இறங்கும். ஆனா ஐப்பசி மழையில் பழையாறு பெருகினா காயலில் உப்பு மளமளன்னு விழும். கடல் உப்புக்குப் பழகின அம்புப்புழு அங்கே தங்காது. ஆத்துத் தண்ணியோட ரோட்டிஃபர்ங்கிற பொடி விலங்கு வந்து சேரும். கோடையில் கடல் உள்ளே ஏறினா, இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான பொடி உயிர் கோப்பிபாடு ஆட்சி. மணல் மூடி பொழி (காயல் கடலில் சேரும் வாய்) அடைஞ்சா இந்தக் கணக்கெல்லாம் மாறும். பொழி திறந்திருந்ததா, எந்த நேரம் வலை இழுத்தீங்க, ரெண்டையும் குறிச்சு வைங்க. இல்லாட்டி பிடிச்சு வச்ச பாட்டிலில் இருக்கிறதை எண்ணி உட்காராதீங்க.

ஆடியில் குளச்சல் கடல் ஜில்லுன்னு இருக்கே, ஏன் சார்?

தென்மேற்குப் பருவக்காற்று கரையோரமா வீசும்போது, பூமி சுழலுறதால மேல்தண்ணி கரையை விட்டு விலகும். அந்த இடத்துக்கு அடித்தண்ணி ஏறும். அதில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதிகம். டயாட்டம்ங்கிற நுண்பாசி பெருகும், அதைத் தின்ன கோப்பிபாடு பெருகும். அதே மாதிரி இன்னொரு பொடி உயிர் பெனிலியா இன்னும் வேகம்: ஆண் இல்லாமலே பெண் குஞ்சு விடும்.

அடித்தண்ணியாம்! மழை கொண்டு வர்ற உரம்தான் காரணம், அண்ணே.

அப்படின்னா தண்ணி உப்புக் குறைஞ்சு வரணும். உப்பு குறையாம குளிர் மட்டும் கூடுறது எப்படி?

கலங்கலைக் கண்ணால பாக்குறோமே?

பாருங்க, வேண்டாங்கலை. ஆத்துத் தண்ணியில் சிலிக்கேட் வரும், டயாட்டத்துக்கு ஓடு கட்ட அது வேணும். ஆனா கலங்கல் வெளிச்சத்தை மறைச்சா பாசி எப்படி வளரும்? அதோட அடித்தண்ணியில் ஆக்சிஜனும் கம்மி. குளிர், உப்பு, ஆக்சிஜன் மூணையும் ஒரே நாளில் அளந்துட்டு வாங்க, அப்புறம் சண்டை போடலாம்.

சாளை (மத்தி மீன்) ஏன் வரலை?

இரை பெருகுற காலமும் குஞ்சு வளர்ற காலமும் ஒத்து வரணும். அது மட்டுமே காரணம் இல்லை.

சாளை எப்போ வரும்?

மேலே பாருங்க.

கடல் சொறி (ஜெல்லி மீன்) பட்டு எரியுது.

டாக்டர்கிட்ட போங்க, இங்கே நிக்காதீங்க.

சின்னமுட்டத்துக்கும் குளச்சலுக்கும் மீன்பிடித் தடைக்காலம் ஏன் வேற?

சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14. குளச்சலுக்கு மேற்குக் கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31. மீதியை மீன்வளத் துறையில் கேளுங்க.

பகலில் எடுத்ததை விட ராத்திரியில் மூணு மடங்கு மிதவையுயிர் கிடைச்சது. வலை கோளாறா?

வலை நல்லாத்தான் இருக்கு. பகலில் அதுங்க கீழே இறங்கும், இருட்டினா மேயறதுக்கு மேலே வரும். 200 மைக்ரான் (0.2 மி.மீ.) கண்ணி போதும், ஆனா கோப்பிபாடு குஞ்சுகள் அதில் நழுவிடும். அதுங்களையும் எண்ணணும்னா இன்னும் சின்னக் கண்ணி வேணும். நேரம் எழுதினீங்கதானே?

சாளை...

மேலே.