பூனைக்கு ஹார்ட் மர்மர்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

நான் டாக்டர் இல்லை. மர்மர் உள்ள இரண்டு பூனைகளை வளர்த்தவள். ஒன்று இதய நோயில் போய்ச் சேர்ந்தது. இன்னொன்று இதோ, எழுத விடாமல் மடியில் ஏறிப் படுத்திருக்கிறது.

அக்கா, தடுப்பூசி போடப் போன இடத்தில் ‘மூன்றாம் கிரேடு மர்மர்’ என்றார்கள். நாலு வயசுதான், நன்றாக ஓடியாடுகிறது. இன்னும் எத்தனை நாள் இருக்கும்?

மர்மர் என்பது இதயத்துக்குள் ரத்தம் சுழித்து ஓடும் சத்தம். அதை வைத்து நாள் குறிக்க முடியாது. கிரேடு 1 முதல் 6 வரை இருக்கிறது, சத்தம் எவ்வளவு பலம் என்பதற்கு மட்டும்தான் அந்த எண். பூனையிடம் சத்தத்தையும் நோயையும் முடிச்சுப் போட்டால் கணக்கு உதைக்கும். மர்மர் கேட்டும் இதயம் நன்றாக இருக்கும் பூனைகள் உண்டு. மர்மரே கேட்காமல் இதயச் சுவர் தடித்துப்போன பூனைகளும் உண்டு. டாக்டரைப் பார்த்த பயத்தில் இதயம் படபடக்கும்போது மட்டும் கேட்டுவிட்டு, அப்புறம் மறைந்துவிடுவதும் உண்டு. ரத்தசோகையாலும் வரும். வயதான பூனை என்றால் தைராய்டையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட வேண்டும், அவை இரண்டுக்குமே மருந்து இருக்கிறது.

எக்கோ எடுத்தே ஆகணுமா? எக்ஸ்ரே போதாதா?

எக்கோ என்பது இதயத்துக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். எக்ஸ்ரேயில் நுரையீரலில் நீர் கோத்திருப்பது தெரியும். ஆனால் பூனைகளுக்கு அதிகம் வரும் இதய நோயில் இடது கீழறையின் சுவர் உட்பக்கமாகத் தடிக்கும், வெளி உருவம் அப்படியே இருக்கும். எக்ஸ்ரே அங்கே ஏமாற்றிவிடும். சுவர் எவ்வளவு தடிமன், இடது மேலறை பெருத்திருக்கிறதா என்பதை எக்கோதான் காட்டும். உடனே எடுக்க வழியில்லை என்றால் என்டி-புரோபிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள். இதயத் தசைக்குச் சிரமம் கூடும்போது ரத்தத்தில் இதன் அளவும் கூடும். அளவு அதிகமாக வந்தால் எக்கோவைத் தள்ளிப் போடாதீர்கள். மெய்ன் கூன், ராக்டால் வகைப் பூனை என்றால் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை, நேராக எக்கோதான். அவற்றில் இந்த நோய் பரம்பரையாக வருகிறது.

வீட்டில் எதைக் கவனிக்கணும்?

மூச்சை எண்ணுங்கள். அசந்து தூங்கும்போது விலாப் பக்கம் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் நிமிடக் கணக்கு. மீசை துடித்து, பாதம் வெட்டி இழுத்தால் கனவு காண்கிறது, கொஞ்சம் பொறுத்து எண்ணுங்கள். குர்குர் என்று சத்தம் போடும்போது எண்ணினால் தப்பாக வரும். பொதுவாக 30-க்குள் இருக்கும். என் பூனைக்கு வழக்கமாக 18, 20. ஒரு ராத்திரி 38 வந்தது, கால் மணி கழித்து எண்ணியபோது 42. விடியட்டும் என்று காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடினேன். நுரையீரலில் நீர் இறங்கத் தொடங்கியிருந்தது, உடலில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃபுரோசமைட் ஊசியில் மீண்டது. தினமும் எண்ணிக் குறித்து வைத்திருந்ததால்தான் வித்தியாசம் தெரிந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் எண்ணிக்கொண்டே நிற்காதீர்கள், உடனே கிளம்புங்கள்.

இருமல் இருக்கிறது, இதயம்தானா?

பூனைக்கு இதய நோயில் இருமல் வருவது அபூர்வம். ஆஸ்துமாவாக இருக்கலாம், காட்டுங்கள்.

திடீரென்று பின்னங்கால் விழுந்துவிடும் என்கிறார்களே?

உண்மைதான், எனக்கும் அதுதான் பெரிய பயம். பெருத்த மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி பின்னங்கால்களுக்குப் போகும் குழாயை அடைத்துவிடும். கால் இழுத்துக்கொள்ளும், தொட்டால் சில்லென்றிருக்கும், பாதம் வெளுத்து நீலம் பாயும், வலியில் அலறும். அவசரத்திலும் அவசரம் இது. வலிக்கிறதே என்று நம் பாரசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம். மேலறை பெருத்த பூனைகளுக்கு முன்னெச்சரிக்கையாக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரல் மாத்திரை எழுதுவார்கள். கடும் கசப்பு. முதல் நாள் என் பூனை நுரை தள்ளியதைப் பார்த்து நானே அழுதுவிட்டேன். வெட்டிய துண்டைக் காலி கேப்ஸ்யூலில் போட்டுக் கொடுத்ததும் பிரச்சினை தீர்ந்தது.

கருத்தடை ஆபரேஷன் செய்யலாமா?

பெரும்பாலும் செய்யலாம். மர்மர் இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள், முடிந்தால் எக்கோ பார்த்துவிட்டுச் செய்யுங்கள். மயக்க மருந்தையும் டிரிப் அளவையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்வார்கள்.

சாப்பாட்டில் ஏதாவது?

டாரின் என்பது இறைச்சியில் இருக்கும் ஒரு சத்து. அது இல்லாமல் பூனையின் இதயத் தசை தளர்ந்துபோகும். 1987-இல் இது தெரிந்த பிறகு பூனை உணவுகளில் அதைக் கூட்டினார்கள். நாய் உணவில் பூனைக்கு வேண்டிய அளவு டாரின் இருக்கும் என்று நம்ப முடியாது, அதனால் அதைப் போட்டுப் பழக்காதீர்கள். வீட்டுச் சமையல்தான் என்றால் டாரின் சேர்ப்பது பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விளையாட விடலாமா அக்கா? ஓடினாலே எனக்குப் பதறுகிறது.

டாக்டர் தடுக்காதவரை விடுங்கள். அது ஓடட்டும், களைத்தால் தானே உட்கார்ந்துகொள்ளும். தூங்கியதும் எண்ணிக்கொள்ளுங்கள்.