முதுகெலும்பு ஃபியூஷன் ஆபரேஷன் செய்தால் படுத்த படுக்கைதானா?

"அம்மாவுக்கு 56 வயது. இடுப்புப் பக்கத்தில் எல்4-எல்5 என்கிற நான்காவது, ஐந்தாவது எலும்புகளில் ஒன்று நழுவியிருக்கிறது, ஸ்க்ரூ வைத்து இரண்டையும் இணைக்கும் ஃபியூஷன் ஆபரேஷன் வேண்டும் என்கிறார் டாக்டர். முதுகில் கத்தி வைத்தால் அப்புறம் எழுந்திருக்கவே முடியாது என்கிறார்கள் சொந்தக்காரர்கள். உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மை இல்லை. அதே எல்4-எல்5, அதே ஸ்க்ரூ என் முதுகிலும் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்த மறுநாளே வாக்கரைக் கொடுத்து நிற்க வைத்துவிட்டார்கள். இன்றைக்கு திண்டுக்கல்லில் என் தையல் கடையை நானேதான் நடத்துகிறேன்.

நான் டாக்டர் இல்லை. முதுகு வலித்தாலே ஆபரேஷனுக்குப் போகச் சொல்கிறேன் என்று யாரும் கீழே சண்டைக்கு வந்துவிடாதீர்கள். வெறும் முதுகுவலிக்கு இதைச் செய்துகொள்ள வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஜவ்வு பிதுங்கிக் காலுக்கு வலி இறங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றரை மாதம், மூன்று மாதத்தில் மருந்திலும் பயிற்சியிலுமே குறைந்துவிடும். எலும்பு நழுவியிருந்தாலும் கால் பிரச்சினை இல்லாமல் காலம் முழுக்க நன்றாக இருப்பவர்கள் உண்டு.

என் கதை வேறு. நின்றாலும் நடந்தாலும் இரண்டு காலும் மரத்து எரியும். உட்கார்ந்தால், கொஞ்சம் குனிந்தால் விட்டுவிடும். பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைக்கு வருவதற்குள் யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்துவிடுவேன். மாத்திரை, பிசியோதெரபி, முதுகில் ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. குனியச் சொல்லி ஒன்று, நிமிரச் சொல்லி ஒன்று என்று எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பு அசைவது தெரிந்தது. நரம்பை விடுவிக்கப் பின்பக்க எலும்பைக் கொஞ்சம் எடுத்தாக வேண்டும், அதை மட்டும் செய்தால் மேற்கொண்டு நழுவலாம், அதனால்தான் இணைக்கிறோம் என்று டாக்டர் விளக்கினார். உங்கள் அம்மாவின் டாக்டரிடமும் இதையே கேளுங்கள்: நரம்பின் அழுத்தத்தை மட்டும் எடுத்தால் போதாதா, ஏன் இணைக்க வேண்டும்? படத்தைக் காட்டிப் பதில் சொல்பவராக இருந்தால் நம்பிப் போகலாம். சந்தேகம் இருந்தால் இன்னொரு டாக்டரிடம் ஸ்கேனைக் காட்டுங்கள். அதில் யாருக்கும் அவமரியாதை இல்லை.

ஸ்க்ரூ போட்டதும் முதுகு சரியாகிவிட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கான்கிரீட் போட்டபின் கீழே முட்டுக் கொடுப்பார்களே, ஸ்க்ரூவும் கம்பியும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. இரண்டு எலும்புக்கும் நடுவில் வைக்கிற எலும்புத் துகள்கள் வளர்ந்து ஒன்றாவதுதான் உண்மையான இணைப்பு. அதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். 1911-இல் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பீ என்ற இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக, காசநோய் அரித்த முதுகெலும்புகளுக்கு இந்த இணைப்பைச் செய்தபோது ஸ்க்ரூவே கிடையாது. நோயாளி வாரக்கணக்கில் அசையாமல் படுத்துத்தான் கிடந்தார். உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வது அந்தக் காலத்துக்குப் பொருந்தும்.

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. தையல் பிரித்ததும், வெளிக்காயம் ஆறியதைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லோரும் முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள். "ஆபரேஷன்தான் ஆகிப்போச்சே, இன்னும் என்ன பெட்ஷீட்டுக்குள்ள" என்று மாமியார் வழிச் சொந்தம் ஒருத்தர் கூடத்தில் உட்கார்ந்து கேட்டார். என் நாத்தனார்தான், "அண்ணிக்கு உள்ள எலும்பு இன்னும் ஒட்டலை" என்று வாயடைத்தாள். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பேரப்பிள்ளை எதையும் தூக்கக் கூடாது. குனியக் கூடாது, இடுப்பைத் திருப்பக் கூடாது. இதை அம்மாவிடம் சொல்வதைவிட அப்பாவிடமும் வீட்டில் உள்ள மற்றவர்களிடமும் சொல்லுங்கள். நம் வீட்டு அம்மாக்கள் கேட்டுக்கொள்வார்கள், சிங்க்கில் பாத்திரம் கிடந்தால் எழுந்து போய்விடுவார்கள்.

தேதி குறிக்கும் முன்பே வீட்டைத் தயார் செய்யுங்கள். பாய் வேண்டாம், கட்டில் வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாவிட்டால் கமோட் நாற்காலி வாங்கிவிடுங்கள். பருப்பு டப்பாவிலிருந்து குக்கர் வரை இடுப்பு உயரத்துக்கு வரட்டும். எழும்போது ஒருக்களித்து, உடம்பு மொத்தமும் ஒன்றாகத் திரும்பி, கையை ஊன்றி எழ வேண்டும். இதை ஆபரேஷனுக்கு முன்பே பழகினால் நல்லது. வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும், முதல் வாரத்தில் என்னை அழ வைத்தது முதுகைவிட அதுதான். மருந்து கேட்டு வாங்குங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண்ணில் சீழ் பிடிக்கும் ஆபத்து கூடும். அம்மா வெற்றிலையோடு புகையிலை போடுவாரென்றால் அதை மறைக்காதீர்கள். புகையிலையில் இருக்கும் நிகோடின் எந்த வழியில் உள்ளே போனாலும் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும். இடுப்பு பெல்ட் எத்தனை நாள் போட வேண்டும் என்பது டாக்டருக்கு டாக்டர் மாறும், அதை இங்கே கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து காரில் வந்த அன்று வழி முழுக்க வேகத்தடை. பொதுவான வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று சாய்வாக இருக்க வேண்டும் என்று சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதி இருக்கிறது. எங்கள் பக்கம் அரையடி உயரத்துக்குச் சுவர் மாதிரி, வெள்ளைக் கோடுகூட இல்லாமல் கட்டி வைக்கிறார்கள். கர்ப்பிணியும் எலும்பு முறிந்தவரும் அதே ரோட்டில்தானே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்? மனு கொடுத்தேன், பதில் வரவில்லை.

பலனைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். கால் எரிச்சல் போய்விட்டது, எவ்வளவு தூரமும் நடக்கிறேன். கால் கட்டை விரலில் மரப்பு இன்னும் இருக்கிறது. ரொம்ப நாள் நசுங்கிய நரம்பு முழுதாகத் திரும்பாமலும் போகலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இணைத்த இடத்துக்கு மேலேயோ கீழேயோ உள்ள ஜவ்வு பிற்காலத்தில் தேயலாம் என்பதும் தெரியும். தெரிந்தே செய்துகொண்டேன், எனக்குத் திருப்திதான்.

வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், புண்ணில் கசிவு, கெண்டைக்கால் வீக்கம், காலில் புதிதாக வலுவின்மை, இவற்றில் எது வந்தாலும் செக்கப் தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே அம்மாவுக்குச் சிறுநீர், மலம் அடக்க முடியாமலோ, சிறுநீர் வராமலோ, உட்காரும் இடம் மரத்தோ போனால் சொந்தக்காரர்களிடம் யோசனை கேட்க நேரமில்லை. ராத்திரியானாலும் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.