நெய்வேலியில் நிலக்கரியை நிறுத்திவிட்டு முழுக்க சோலாருக்கு மாற முடியுமா?

முடியும், ஆனால் ஒரே தாவலில் முடியாது. 1962-இல் ஓடத் தொடங்கி 2020-இல் மூடப்பட்ட முதல் அனல்மின் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 600 மெகாவாட். முழு வீச்சில் ஓடினால் ஒரு நாளைக்கு 1.44 கோடி யூனிட். நம்ம ஊர் வெயிலில் ஒரு மெகாவாட் சோலார் நாளொன்றுக்கு 4,000 யூனிட்டுக்குச் சற்று மேலே தரும். ஆக, அந்த ஒரு நிலையத்துக்கு ஈடுகட்டவே 3,000 மெகாவாட்டுக்கு மேல் வேண்டும். மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் என்றால் ஏறக்குறைய 15,000 ஏக்கர். ராத்திரிக்கு பேட்டரி தனி.

இந்த நிலத்துக்காக மறுபடி விவசாயியிடம் போகவே கூடாது. 2023-இல் நெய்வேலி பக்கத்து வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெல்லுக்குள் சுரங்க நிறுவனமான என்எல்சியின் இயந்திரம் இறங்கியதை இந்தக் கடலூர் மாவட்டம் மறக்காது. கரி எடுத்து மண் மூடிய நிலம் ஏற்கெனவே கையில் இருக்கிறது, மின்கோபுரங்களும் இருக்கின்றன. மூடிய மண் இறுகச் சில வருடம் ஆகும், அவ்வளவுதான். என்எல்சி நெய்வேலியில் சோலார் போட்டிருக்கிறது; ஆனால் பெரிய அளவில் போட்டது விருதுநகர், ராமநாதபுரம் பக்கம். மின்சாரம் கிரிட் வழியாக எங்கிருந்தும் வரும். வேலை அப்படி வராது. நிரந்தர ஊழியருக்கு இடமாற்றமாவது கிடைக்கும், ஒப்பந்தத் தொழிலாளிக்கு யார் பொறுப்பு? பேனல் பொருத்தி முடித்த பிறகு சோலார் நிலையத்துக்கு அதிகம் ஆள் தேவைப்படாது.

அப்புறம், யாரும் பேசாத விஷயம் தண்ணீர். நான் பரவனாற்றுப் பக்கம், அதனால் இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு ஊற்று நிற்கிறது. அதை இரவு பகலாக இறைத்தால்தான் கரி வெட்ட முடியும். சுற்றுக் கிராமங்களில் நிலத்தடி நீர் இறங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் இறைத்த தண்ணீர்தான் வாலாஜா ஏரிக்கும் போகிறது, அதை நம்பி நெல் நடுகிறார்கள். சுரங்கத்தை மூடினால் மோட்டாரும் நிற்கும். போர்வெல்லில் நீர் ஏறும், ஏரியில் குறையும். ஐப்பசி கார்த்திகையில் கடலூரை மூழ்கடிக்கிற வெள்ளத்தைப் பழைய சுரங்கப் பள்ளங்களில் தேக்கிப் பாசனத்துக்கு விட முடியுமா என்று இப்போதே ஆய்வு தொடங்க வேண்டும். மூடும் தேதியை அறிவித்த பிறகு தொடங்கினால் அந்த ஏரிப் பாசனக்காரர்கள்தான் முதலில் அடிபடுவார்கள்.