ஒரே காற்றுக்கு மூன்று பெயர்கள்

அன்புள்ள தங்கைக்கு,

கோவையிலிருந்து கொழும்புக்கு வந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன என்றும், பம்பலப்பிட்டியில் ஓர் அனெக்ஸில் யாழ்ப்பாணம், திருகோணமலை, பண்டாரவளை ஆகிய ஊர்களைச் சேர்ந்த மூன்று பெண்களோடு தங்கியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவர்கள் மூவரும் காதல் நகைச்சுவைப் படங்களைப் பற்றியும், ஆண்டில் எந்த மாதம் யாருக்கு இனியது என்பதைப் பற்றியும் வெகுநேரம் கதைத்துச் சிரிப்பதாகவும், உங்களுக்கு அந்தப் படங்களும் தெரியாது, இந்த ஊரில் பருவம் என்று ஒன்று இருப்பதாகவும் தெரியவில்லை என்பதால் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவதாகவும் சொல்லியிருந்தீர்கள். இப்படிப்பட்ட மேலோட்டமான பேச்சில் நேரத்தைக் கழிப்பதைவிட, அவர்கள் மனம் திறந்து பேசும் நாளுக்காகக் காத்திருப்பது நல்லதல்லவா என்பது உங்கள் கேள்வி.

கதவைத் திறந்துகொண்டு இன்றிரவே போய் உட்காருங்கள் என்பதுதான் என் பதில். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் பாளையங்கோட்டையிலிருந்து 2011இல் இங்கே வந்தேன். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு போர்டிங்கில் இடம் கிடைத்தது. அறையில் என்னைத் தவிர மூன்று பேர்: வடமராட்சியைச் சேர்ந்த ஓர் அக்கா, மட்டக்களப்புத் தங்கை ஒருத்தி, ஹட்டனிலிருந்து வந்து கணக்காளர் படிப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண். போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. நம் ஊரில் புதியவர்களைச் சந்தித்தால் முதலில் எதைக் கேட்போம்? சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்றுதானே கேட்போம். அன்பு காட்டுவதாக எண்ணிக்கொண்டு முதல் வாரத்திலேயே நானும் அந்த அக்காவிடம் உடன்பிறந்தவர்களைப் பற்றிக் கேட்டேன். அவர் ஒரு எண்ணைச் சொன்னார், சற்று நிறுத்தி அதைவிடச் சிறிய இன்னோர் எண்ணைச் சொன்னார், பிறகு எழுந்து தேநீர் போடப் போய்விட்டார். மற்ற இருவரும் என்னைப் பார்க்கவில்லை. அந்த மௌனம் இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

அன்று இரவு அந்த அக்காவே பேச்சைத் தொடங்கினார். உங்களுக்குப் பிடித்த காதல் படம் எது என்று என்னிடம் கேட்டார். என்னை மன்னித்துவிட்டதை அவர் தெரிவித்த முறை அதுதான் என்று எனக்குப் பல மாதங்களுக்குப் பிறகே புரிந்தது. இந்த ஊரில் ஒருவருடைய கடந்த காலத்தைக் கேள்வி கேட்டு அறிய முயல்வது சில வேளை ஆறாத புண்ணைத் தொடுவதாகிவிடும். ஆனால் ஒரு படத்தின் நாயகி செய்தது சரியா என்று கேட்டால், அவரவர் தமக்கு இயன்ற அளவுக்குத் தம்மைப் பற்றிச் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். நீங்கள் மேலோட்டம் என்று எண்ணும் அந்தப் பேச்சில் இத்தனை மரியாதை இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். 1998இல் வந்த ‘யூ ஹேவ் காட் மெயில்’ என்ற ஆங்கிலப் படத்தை எங்கள் அறையில் ஒரு மடிக்கணினியில் பார்த்தோம். நியூயார்க்கில் தாய் விட்டுச் சென்ற சிறுவர் புத்தகக் கடையை நடத்தும் பெண்ணும், பக்கத்திலேயே பெரிய புத்தகக் கடையைத் திறந்து அவள் கடை மூடப்படக் காரணமாகும் ஆணும், ஒருவரையொருவர் யாரென்று அறியாமலே மின்னஞ்சலில் நெருங்குகிறார்கள். பாதிப் படத்துக்கு மேல் அவனுக்கு உண்மை தெரியும், அவளுக்குத் தெரியாது. ஹட்டன் பெண்ணுக்கு அவனுடைய பொறுமை பிடித்திருந்தது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தது ஏமாற்று என்று அக்கா வாதிட்டார். மட்டக்களப்புத் தங்கையோ காதலைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை; அம்மாவின் கடை போன பிறகு அவளால் எப்படிச் சிரிக்க முடிந்தது என்று மட்டும் கேட்டாள். நான் அவளிடம் எதையும் கேட்கவில்லை. ஓராண்டு கழித்து, தன் தாயார் நடத்திய சிறு கடையையும் அது இல்லாமற்போன விதத்தையும் அவளாகவே எனக்குச் சொன்னாள்.

ஆகவே படங்களைப் பார்க்கவில்லையே என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை. பார்க்காதவருக்குக் கதை சொல்வதைப் போல மகிழ்ச்சி தருவது பார்த்தவருக்கு வேறில்லை. ‘நான் பார்த்ததில்லை, கதையைச் சொல்லுங்கள்’ என்ற ஒரு வாக்கியம் போதும். தமிழ்ப் படங்களைப் பொறுத்தவரை அவர்கள் உங்களைவிடக் கூடுதலாகவே பார்த்திருப்பார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழகத்திலிருந்து வந்தவள் என்பதால் எனக்குத்தான் நம் படங்கள் நன்றாகத் தெரியும் என்ற எண்ணத்தோடு இருந்தேன். வெள்ளவத்தையில் வளர்ந்தவர்கள் பழைய படங்களின் வசனத்தைக் காட்சி காட்சியாகச் சொல்லக் கேட்டதும் அந்த எண்ணம் நீங்கியது.

இனிப் பருவங்களுக்கு வருகிறேன். கொழும்பில் பருவமே இல்லை என்று நீங்கள் எழுதியது, வெப்பமானியை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் சரி. ஆண்டு முழுவதும் சராசரி வெப்பம் 27, 28 பாகையைச் சுற்றியே நிற்கும். ஆங்கிலக் காதல் படங்களில் இலை உதிர்வதும் பனி பெய்வதும் காதலர்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து சேர்க்கும் வேலையைச் செய்கின்றன. நமக்கு அந்த வசதி இல்லை என்று ஹட்டன் பெண் ஒருமுறை குறைப்பட்டாள். அக்கா உடனே தொல்காப்பியத்துக்குப் போனார். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுகளைப் பிரித்து, முல்லைக்குக் காரையும் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் வைத்த மொழி நம்முடையது; தலைவன் திரும்புவதாகச் சொன்ன பருவம் வந்துவிட்டதா இல்லையா என்பதற்கே எத்தனை பாட்டுகள் என்று கேட்டார். கடற்கரையில் இருக்கிற நாம் நெய்தல்காரர், நமக்கு ஆறு பொழுதும் உரியவை என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த இரவுப் பேச்சில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

அன்றுதான் என்னுடைய இனிய பருவம் எது என்றும் கேட்டார்கள். யோசிக்காமல் குற்றாலச் சாரல் என்றேன். ஆனி பிறந்ததும் மேற்கிலிருந்து மலையைத் தாண்டி வரும் காற்றையும், வெயிலும் தூறலும் ஒன்றாக விழுவதையும், அருவியில் நனைந்துவிட்டுச் சூடாகச் சாப்பிடுவதையும் சொல்லச் சொல்ல எனக்குத் தொண்டை அடைத்தது. அப்போது அக்கா, அது தென்மேற்குக் காற்றுத்தானே, எங்கள் ஊரில் அதற்குச் சோளகம் என்று பெயர், ஆனால் மழை தராது, வீதிப் புழுதியைத்தான் கிளப்பும் என்றார். மட்டக்களப்புத் தங்கை, அதே காற்று மலைகளைக் கடந்து எங்களிடம் வரும்போது காய்ந்து சூடாகிக் கச்சான் ஆகிவிடும் என்றாள். ஹட்டன் பெண்ணுக்கோ அது நாட்கணக்கில் வெயில் காட்டாத மழையும், மலை முழுவதையும் மூடும் மூடுபனியும், அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு கொழுந்து பறிக்கப் போன காலைகளும் ஆகும். அப்போது எங்கள் ஜன்னலுக்கு வெளியே அதே காற்று கொழும்புக் கடலைக் கொந்தளிக்க வைத்துக்கொண்டிருந்தது. ஒரே காற்று எங்கள் நால்வரையும் வளர்த்திருந்தது என்பது அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது. நான் வெளிநாட்டில் இருக்கிறேன் என்ற எண்ணம் முதன்முதலாகச் சற்று விலகியதும் அன்றுதான்.

உங்களுக்கும் சொல்வதற்கு இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்குள் நுழையும் காற்றும் இந்தத் தென்மேற்குக் காற்றுத்தான். அதைச் சொல்லுங்கள். பொதுவாக ‘எனக்கு மழை பிடிக்கும்’ என்று சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்; எந்தத் தெருவில், எந்த மாதத்தில், கையில் எதை வைத்துக்கொண்டு நனைந்தீர்கள் என்று சொன்னால் மற்றவர்களும் தம் தெருக்களைச் சொல்வார்கள். ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: ‘எங்கள் ஊரில் இதைவிட நன்றாக இருக்கும்’ என்ற ஒப்பீடு. மாம்பழத்தைப் பற்றிப் பேசும்போது இது மிகவும் முக்கியம். யாழ்ப்பாணத்தவரிடம் கறுத்தக்கொழும்பானுக்கு மேலாக எந்த மாம்பழத்தையும் வைக்க வேண்டாம். உங்கள் அறைத்தோழி ஊரிலிருந்து பஸ்ஸில் பெட்டி நிறையக் கொண்டுவரும்போது ஒன்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். ஒப்பிடும் எண்ணமே பிறகு வராது.

கொழும்பின் பருவங்களைப் பழத்தாலும் பௌர்ணமியாலும் எண்ணப் பழகிக்கொள்ளுங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு நகரம் காலியாகிவிடும். எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள். அடுத்த ஆண்டு பண்டாரவளைத் தோழி தன் வீட்டுக்கு அழைத்தால் மறுக்காமல் போங்கள். மே மாதத்து வெசாக் பௌர்ணமிக்குப் பேரை வாவியைச் சுற்றி விளக்குகளைப் பார்க்க நடப்பதும், தன்சல் எனப்படும் இலவச உணவுப் பந்தலின் வரிசையில் முன்பின் அறியாதவர்களோடு நின்று அங்கே தரும் உணவை வாங்கிச் சாப்பிடுவதும் எங்கள் அறையின் ஆண்டு வழக்கம். ஆடிப்பிறப்புக்குப் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் பயறும் சேர்த்து ஆடிக்கூழ் காய்ச்சுவார்கள். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் அந்த நாளைப் பற்றி எழுதிய பாட்டை யாழ்ப்பாணத் தோழி நிச்சயம் பாடிக் காட்டுவார்; நீங்கள் கேட்டால் போதும். ஆடிவேலுக்குச் செட்டியார் தெருவிலிருந்து தேர் புறப்பட்டு உங்கள் பம்பலப்பிட்டிக்கே வரும். ஐப்பசியில் பிற்பகல்தோறும் இடி இடிக்கும். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை 22 பாகை அளவுக்கு இறங்கும்போது எல்லாரும் போர்வையைத் தேடுவார்கள். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த நாட்கள் அவை. திருகோணமலைத் தோழிக்கு இப்போது, இந்தத் தென்மேற்குக் காற்றுக் காலத்தில், ஊர் ஏக்கம் கூடுதலாக இருக்கும். இங்கே கடல் கலங்கிக் கிடக்கும் இதே மாதங்களில்தான் அங்கே கடல் அமைதியாகிக் குளிக்க ஏற்றதாகிறது. மெரின் டிரைவில் நின்று அலையைப் பார்க்கும்போது அவர் பேசாமல் இருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

இன்னொன்றையும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். 2022 மார்ச் இறுதியில், நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றபோது, நான் தெகிவளையில் வேறு இரு பெண்களோடு தங்கியிருந்தேன். எரிவாயு இல்லை, பல நாட்கள் பாணும் சம்பலும்தான் இரவுச் சாப்பாடு. மின்விசிறி சுற்றாத அந்த வெக்கையில் யாருக்கும் உறக்கம் வராது. ஓரிரவு, மூவரில் இளையவள் மெழுகுவர்த்தியை முகத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு, 1964இல் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’ படத்தை முதலிலிருந்து கதையாகச் சொல்லத் தொடங்கினாள். நாகேஷ் தாம் எடுக்கப்போகும் பேய்ப்படத்தின் கதையைச் சொல்ல, பாலையா நாற்காலியில் நடுங்கிக்கொண்டு கேட்பாரே, அந்தக் காட்சிக்கு வந்ததும் அவள் நாகேஷாகவும் நான் பாலையாவாகவும் ஆகிவிட்டோம். சிரிப்புச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மா கைவிளக்கோடு வந்து வாசலில் நின்றார். பிறகு அவரும் உள்ளே வந்து உட்கார்ந்து, மிச்சக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் போனார். அந்த வாரங்களை நாங்கள் எப்படித் தாங்கினோம் என்று யாராவது கேட்டால், எரிபொருள் வரிசைகளோடு சேர்த்து அந்த இரவையும் நான் சொல்வதுண்டு.

நீங்கள் காத்திருக்க நினைக்கும் மனம் திறந்த பேச்சு இத்தகைய இரவுகளுக்குள்ளேதான், யாரும் எதிர்பாராத ஒரு நேரத்தில் வந்து சேரும். அதற்குக் கதவைச் சாத்தி வைத்தால், அது அடுத்த அறையிலேயே நிகழ்ந்து முடிந்துவிடும்.

இது றம்புட்டான் காலம். காலி வீதி ஓரத்தில் மல்வானைப் பழம் என்று குவித்து வைத்து எண்ணிக்கையில் விற்பார்கள். வேலை முடிந்து வரும்போது ஐம்பது பழம் வாங்கி, கூடத்தில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துக் கொட்டுங்கள். தோல் உரிப்பதற்கு எல்லாரும் சுற்றி உட்காருவார்கள். நேற்று எந்தப் படத்தைப் பற்றிச் சிரித்தீர்கள் என்று அப்போது கேளுங்கள். அடுத்த கடிதத்தில் அந்தப் படத்தின் பெயரையும், மூவரும் ஆளுக்கு என்ன சொன்னார்கள் என்பதையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து உங்கள் அக்கா