டம்ளரை எடுக்கும் கை ஏன் மிதக்கிறது?

கேள்வி: பிளெண்டர் என்ற 3D அனிமேஷன் மென்பொருளில் என் கேரக்டர் மேசை மேல் இருக்கும் டம்ளரைக் கை நீட்டி எடுக்கிறது. அசைவை லீனியரில் (ஒரே சீரான வேகம்) விட்டால் ரோபோ மாதிரி இருக்கிறது. பெசியருக்கு (வளைகோடாக மாறும் வேகம்) மாற்றினால் தண்ணீருக்குள் அசைவது போல மிதக்கிறது. என்ன செய்வது?

பதில்: லீனியரில் கை முதல் ஃபிரேமிலேயே முழு வேகத்தில் கிளம்பி, கடைசி ஃபிரேமில் சட்டென்று நிற்கிறது. எடையுள்ள எதுவும் அப்படி அசையாது. பெசியர் அதைச் சரிசெய்கிறது, ஆனால் கிளம்புவதையும் நிற்பதையும் ஒரே அளவுக்கு மெதுவாக்கிவிடுகிறது. போதாததற்கு, கேரக்டரை அசைக்கும் எல்லா எலும்புக்கும் அதே வளைவுதான். மிதப்பு அங்கிருந்துதான் வருகிறது. பலர் ஃபிரேம் எண்ணிக்கையைக் குறைத்துப் பார்ப்பார்கள். மிதப்பு வேகமாகுமே தவிர, போகாது.

நாம் டம்ளரை எடுக்கும்போது கை சீக்கிரமே வேகம் பிடித்து, பாதி நேரத்துக்கு முன்பே உச்ச வேகத்தைத் தொட்டுவிடும். தட்டிவிடாமல் பிடிக்க வேண்டுமே, அதனால் மிச்ச நேரமெல்லாம் வேகம் குறைந்துகொண்டே வரும். டம்ளர் விளிம்பு வரை நிரம்பியிருந்தால் இந்தக் கடைசிப் பகுதி இன்னும் நீளும்.

சரி, நொடிக்கு 24 ஃபிரேம், அசைவு 1 முதல் 21 வரை என்று வைத்துக்கொள்வோம். இப்போது 11-ஆம் ஃபிரேமில் கை சரியாகப் பாதி தூரத்தில் இருக்கும். அதை டம்ளர் பக்கம் தள்ளி, மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் ஒரு கீஃபிரேம் (அந்த ஃபிரேமில் கை எங்கே இருக்க வேண்டும் என்ற குறிப்பு) போடுங்கள். கொஞ்சம் மேலே தூக்கியும் வையுங்கள். கை வில்லாக வளைந்து போகும். பிறகு அசைவைக் கோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைப் பாருங்கள். கோடு செங்குத்தாக ஏறினால் வேகம், படுத்தால் நிதானம். கடைசியில் அது மெல்லப் படுக்க வேண்டும். நடுக் கீஃபிரேமில் படுத்தால் கை பாதி வழியில் தயங்கும். அங்கே கோட்டின் வளைவை மாற்றும் பிடியான ஹேண்டிலை, கோடு ஏறும் திசையில் சாய்த்துவிடுங்கள்.

அப்புறம், எல்லாம் ஒரே ஃபிரேமில் தொடங்கி ஒரே ஃபிரேமில் நிற்கக் கூடாது. கண்ணும் தலையும் நாலைந்து ஃபிரேம் முன்பே டம்ளரைப் பார்க்கட்டும். தோள் கையைவிட இரண்டு ஃபிரேம் முன்னால் கிளம்பட்டும். விரல்கள் வழியிலேயே விரிந்து, கை சேர்ந்த பின் இரண்டு ஃபிரேம் கழித்து இறுகட்டும்.

மோதலில் மட்டும் மெதுவாக்கவே கூடாது. கேரக்டர் டம்ளரை ‘டொக்’ என்று மேசையில் வைத்தால் கையை நிறுத்துவது மேசைதான். கிராஃப் எடிட்டரில் அந்தக் கீஃபிரேமைத் தேர்ந்து, ‘வி’ (V) விசையை அழுத்தி ஹேண்டிலை வெக்டர் வகைக்கு மாற்றுங்கள். கோடு கூர்மையாக முறியும். நின்ற இடத்திலேயே நடக்கும் நடைச் சுழற்சியில் தரையில் ஊன்றிய பாதத்துக்கும் லீனியர்தான் சரி. அது சீரான வேகத்தில் பின்னே போகாவிட்டால், கேரக்டரை முன்னே நகர்த்தும்போது பாதம் வழுக்கும்.