நாலு வயது மகனுக்குப் பெயர் எழுதப் பழக்குவது எப்படி? பென்சிலைக் கண்டாலே ஓடுகிறான்.

பென்சிலைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். அந்த வயதில் விரல்களுக்கு இன்னும் பிடி வந்திருக்காது. ஏடு தொடக்கும்போது அரிசியில் விரலால் எழுத வைப்பதும் சும்மா இல்லையே! அதையே தினமும் விளையாட்டாக்குங்கள். ஒரு தட்டில் தேயிலைத் தூளைப் பரப்பி எழுதச் சொல்லுங்கள். தட்டை ஒரு குலுக்குக் குலுக்கினால் எழுத்து மறைந்துவிடும், பிழையும் மறைந்துவிடும். (அந்தத் தூளைத் திரும்பப் போத்தலில் போடாதீர்கள், எங்கள் வீட்டில் ஒருநாள் அது நடந்தது.) நுவரெலியா பக்கம் என்றால் காலையில் யன்னல் கண்ணாடியில் படியும் ஈரம் போதும், செலவே இல்லை.

பெயரில் என்ன எழுத்து வருகிறது என்று பாருங்கள். 'கவின்' என்றால் சுலபம். கடைசிப் புள்ளிக்கு அம்மாவின் ஒட்டுப்பொட்டு ஒன்றைக் கொடுத்தால் அவனே ஒட்டுவான். 'கோபி' என்றால்தான் வில்லங்கம். காதில் முதலில் விழுவது க, கையால் முதலில் எழுத வேண்டியதோ இரட்டைச் சுழிக் கொம்பு. அப்புறம்தான் க, பிறகு கால். மூன்றையும் தனித்தனி மட்டையில் வெட்டி, ரயில் பெட்டி மாதிரி கோக்க விடுங்கள். 'கோ'வுக்கு இரட்டைச் சுழிக் கொம்புதான் எஞ்சின்.

ஐந்து நிமிடம் போதும். அவன் எழுந்து ஓடினால், சரி, விடுங்கள். எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி வந்தாலும் பதற வேண்டாம், இந்த வயதில் அது சகஜம்.