லேப்டாப்பை மாட்டினால் வண்டி இழுக்குமா?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ஓசூருக்கு வாரம் நான்கு நடை இரும்பு வார்ப்புச் சாமான் ஏற்றிப் போகிறேன். 2018-இல் எடுத்த பொலீரோ பிக்-அப். சொந்த வண்டி, நானேதான் டிரைவர். கிருஷ்ணகிரி தாண்டி சூளகிரி ஏற்றத்தில் முன்பெல்லாம் மூன்றாவது கியரிலேயே ஏறிவிடும். இப்போது இரண்டாவதுக்கு இறக்க வேண்டியிருக்கிறது. ஷெட்டில் பழக்கமான ஒருவர், லேப்டாப்பை மாட்டி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.எம்.-இல் மேப்பிங் மாற்றினால் இருபது குதிரைத்திறன் கூடும், டீசலும் மிச்சம் என்கிறார். 28,000 ரூபாய் கேட்கிறார். பில் தரமாட்டாராம். செய்யலாமா? (மாதவரம் வாசகர்)

பதில்: "முன்பெல்லாம் ஏறிவிடும்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதே ஏற்றம், அதே வண்டி. அப்படியென்றால் கம்பெனி கொடுத்த பலம் எங்கேயோ கசிந்துகொண்டிருக்கிறது. முதலில் அதைக் கண்டுபிடியுங்கள், 28,000 ரூபாய் பையிலேயே இருக்கட்டும்.

உங்களிடம் நான் கேட்க விரும்பும் முதல் கேள்வி இன்ஜினைப் பற்றியதே அல்ல. டயர் மாற்றினீர்களா? லோடு தாங்கும் என்று கடையில் ஒரு சைஸ் பெரியதாகப் போட்டுவிடுவது சென்னையில் சகஜம். டயரின் உயரம் ஐந்து சதவீதம் கூடினால், சக்கரத்தில் கிடைக்கும் இழுவை ஏறக்குறைய அதே அளவுக்குக் குறையும். சமதரையில் தெரியாது, ஏற்றத்தில் ஒரு கியரையே தின்றுவிடும்.

அடுத்து, ஒரு நடை முடித்து வந்ததும் நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட்டுவிடாதீர்கள், சுட்டுவிடும். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. நான்காவது கியரில் மிதிக்கும்போது இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. இவை இரண்டும் சரியாக இருந்தால்தான் பானெட்டைத் திறக்க வேண்டும். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ். இந்த ஹோஸில் ஒரு கீறல் விழுந்தால் போதும், டர்போ அமுக்கித் தரும் காற்று வெளியே போய்விடும். ஹோஸைச் சுற்றி எண்ணெய் கசிந்த கறை தெரிந்தால் அங்கேதான் கோளாறு. அதன்பிறகு, புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பிவிடும் ஈ.ஜி.ஆர். வால்வில் கரி அடைத்திருக்கிறதா, இன்ஜெக்டரில் ரிட்டர்ன் டீசல் அதிகமா, டர்போவின் ஆக்சுவேட்டர் அசைகிறதா என்று வரிசையாகப் போகலாம். ஸ்கேனர் வைத்திருக்கும் எந்த டீசல் மெக்கானிக்கும் இதைப் பார்த்துவிடுவார்.

இனி அந்த மேப்பிங். பழைய வண்டிகளில் பம்ப் ஸ்க்ரூவைத் திருகி டீசலை ஏற்றிவிடுவார்களே, நினைவிருக்கிறதா? ஏறக்குறைய அதே வேலைதான். ஸ்க்ரூ டிரைவர் போய் லேப்டாப் வந்திருக்கிறது. இ.சி.எம்.-இல் எழுதப்பட்டிருக்கும் கணக்கை மாற்றி டீசல் அளவு, டர்போ அழுத்தம், டீசல் பாயும் நேரம் ஆகியவற்றை உயர்த்துவார்கள். இழுவை கூடும், அது பொய்யல்ல. ஆனால் டீசல் கூடும் அளவுக்குக் காற்று கூடாவிட்டால் மீதி கரும்புகையாக வரும், உள்ளே சூடும் ஏறும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பத்து நொடி மிதித்து ஓவர்டேக் செய்துவிட்டுக் காலை எடுக்கிற காருக்கு அந்தச் சூடு ஒரு பொருட்டல்ல. உங்கள் வண்டியோ முழு லோடோடு, மிதித்த கால் எடுக்காமல் ஏறுகிறது. பிஸ்டன் தலை உருகுவதும் டர்போ போவதும் இப்படிப்பட்ட ஓட்டத்தில்தான். அதற்கும் முன்னால் கிளட்ச் பிளேட் கையை விரிக்கும், ஏனென்றால் அது பழைய முறுக்குவிசைக்கு ஏற்றபடி செய்தது.

"டீசல் மிச்சம்" என்பதை மட்டும் நான் நம்பமாட்டேன். கூடுதல் பலம் கூடுதல் டீசலிலிருந்துதான் வருகிறது. அந்தப் பலத்தை ஏற்றத்தில் பயன்படுத்தினால் டீசல் எப்படி மிஞ்சும்?

எஃப்.சி. (தகுதிச் சான்று) பக்கமும் யோசியுங்கள். உங்களுடையது பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் 4) புகை விதிப்படி வந்த வண்டி. புகைச் சோதனையில், புகை எவ்வளவு அடர்த்தி என்று காட்டும் அளவுக்கு அதற்கான வரம்பு மீட்டருக்கு 1.62. மேப்பிங்கில் பலத்தை ஏற்றிவிட்ட வண்டி அதைத் தாண்டுவது எளிது. தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம், லைசென்ஸும் மூன்று மாதம் போகும். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. சட்டத்துக்கு மாறாக மாற்றினால் உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "எண்பதைத் தாண்டவும் ஓப்பன் பண்ணித் தருகிறேன்" என்று அவர் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். சரக்கு வண்டிக்கு மணிக்கு 80 கி.மீ. வேகக்கட்டுப்பாடு சட்டப்படி இருக்க வேண்டியது.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ள வேண்டாம். இரும்பு வார்ப்பு பார்க்கக் கொஞ்சமாகத்தான் இருக்கும். ஒருமுறை லோடோடு எடைமேடையில் நிறுத்தி, ஆர்.சி.-யில் இருக்கும் மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். மூன்று வருடம் முன்பு ஏற்றியதைவிட இப்போது ஐந்து பெட்டி கூடுதலாகப் போகிறதோ என்னவோ! அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், மேலே ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. இன்ஜின் பலத்தை ஏற்றிவிட்டாலும் பிரேக் பழையதுதான், ஏறிய ஏற்றத்தில் திரும்ப இறங்கவும் வேண்டும்.

கேள்வி: போன வருடம் என் பிக்-அப்பில் மேப்பிங் செய்தேன். பெரிய கிளட்ச் செட்டும் அதே கடையில் போட்டேன், கிளட்ச்சுக்கு ஜி.எஸ்.டி. பில் இருக்கிறது. நாலே மாதத்தில் கிளட்ச் எரிந்துவிட்டது. கடைக்காரர் "கமர்ஷியல் வண்டிக்கு நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் எடுக்காது" என்கிறார். உண்மையா? (செங்குன்றம் வாசகர்)

பதில்: உங்கள் விஷயத்தில் அவர் சொல்வது தவறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7)-இன் விளக்கத்தைப் படியுங்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் "வணிக நோக்கம்" ஆகாது. பத்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுபவரின் நிலை வேறு. நீங்கள் ஒரே வண்டியை நீங்களே ஓட்டுகிறீர்கள் என்றால் அதை மனுவின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு நீங்கள் வசிக்கும் இடத்திலிருந்தே போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. அதற்கு முன் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவுசெய்து பாருங்கள். பல கடைக்காரர்கள் அந்த ஒரு ஃபோனிலேயே பேச வந்துவிடுவார்கள்.

உங்கள் பலவீனத்தையும் சொல்கிறேன். மேப்பிங்குக்கு பில் இல்லை, செய்ததும் சட்டத்துக்குப் புறம்பான மாற்றம். "ஓட்டின விதத்தில்தான் எரிந்தது" என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதனால் வழக்கை பில் இருக்கும் கிளட்ச்சின் மேல் நிறுத்துங்கள். எரிந்த பிளேட்டை அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். அதைப் பத்திரமாக வைத்து, வேறொரு மெக்கானிக்கல் இன்ஜினியரிடமோ வண்டிச் சேதத்தை மதிப்பிடும் லைசென்ஸ் உள்ள சர்வேயரிடமோ எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள்.

கேள்வி: இசுசு வி-கிராஸ் 1.9 வைத்திருக்கிறேன், வாரண்டி இன்னும் இருக்கிறது. ஸ்டேஜ் ஒன் ரீமேப் (பாகம் எதையும் மாற்றாமல் மேப்பிங் மட்டும்) செய்து, வாரண்டிக்குப் போகும்போது பழையதைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம், தெரியவே தெரியாது என்கிறார்கள். (வேளச்சேரி வாசகர்)

பதில்: 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதவில்லை என்கிறீர்கள். ரசனை உங்களுடையது! "தெரியாது" என்பதில்தான் எனக்குச் சந்தேகம். எத்தனை முறை எழுதப்பட்டது என்பதைப் பல இன்ஜின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள்ளே எண்ணி வைக்கின்றன. பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றினாலும் அந்த எண்ணிக்கை குறையாது.

உங்களுடையது பி.எஸ்.6, புகைவழியில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி (டி.பி.எஃப்.) இருக்கிறது. கரி கூடினால் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். எரித்துச் சுத்தம்செய்ய அடிக்கடி கூடுதல் டீசல் பாயும், அதில் ஒரு பங்கு இன்ஜின் ஆயிலில் கலக்கும். அப்புறம் "டி.பி.எஃப்.-ஐக் கழற்றிவிடலாம் சார்" என்று அதே கடை அடுத்த செலவைச் சொல்லும். பி.எஸ்.6-க்குப் புகை வரம்பு 0.7 மட்டுமே, கழற்றிய வண்டி அதில் தேறுவது கடினம். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் செய்த மாற்றம் பெரிய விபத்தில் கிளெய்மை மறுக்க அவர்களுக்கு ஒரு பிடி கொடுக்கும்.

வாரண்டி முடிந்தபிறகும் ஆசை விடவில்லை என்றால், முன்னும் பின்னும் டைனோவில் (பலத்தை அளக்கும் உருளை மேடையில்) ஓட்டிய அச்சுத்தாளைக் கேளுங்கள். அதைத் தர முடியாதவர் சொல்லும் குதிரைத்திறன் வாய்க்கணக்குதான்.